சின்னப் பாய்மரப் படகில் ஷவர் தண்ணீர் வடிய மாட்டேன் என்கிறது. பம்பை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மாற்றிப் பார்த்துவிட்டு, பழைய பம்பையே திரும்பப் பூட்டியவன் நான். புதுசு இரண்டு வருஷமாக லாக்கரில் உதிரியாகத் தூங்குகிறது.

குளித்து முடித்தால் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது, பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனாலும் வடிய ஐந்து நிமிஷம் ஆகிறது என்கிறீர்கள். மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கும் என் 31 அடிப் படகிலும் இதே கதைதான் நடந்தது.

வீட்டுக் குளியலறையை மறந்துவிடுங்கள். அங்கே தண்ணீர் தானாகப் பள்ளத்துக்கு ஓடும். நம் மாதிரிப் படகில் குளிக்கிற இடத்தின் தரையே வெளியே இருக்கும் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஓட்டை போட்டால் கடல்தான் உள்ளே வரும். அதனால் தண்ணீரை உறிஞ்சி மேலே தூக்கி வெளியே தள்ள வேண்டும். வடிகட்டி, உறிஞ்சு குழாய், பம்ப், வெளியேற்றும் குழாய், படகின் பக்கவாட்டில் உள்ள துளை, இவ்வளவுதான் பாதை. எங்கே இறுகினாலும் காலடியில் தண்ணீர் நிற்கும். வீட்டில் ஊற்றுகிற அடைப்பு நீக்கும் காரத் திரவத்தை இதில் ஊற்றாதீர்கள். பம்புக்குள் இருக்கும் ரப்பரைக் கெடுத்துவிடும், மிச்சம் நேராகக் கடலுக்குப் போகும்.

முதலில் வடிகட்டியைத் திறந்து முடியை எடுங்கள். இதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனால் என் படகில் வடிகட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஆறு மாதம் ஆனது. முன்னால் வைத்திருந்த புண்ணியவான் அதைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். மூடும்போது மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். அங்கே காற்று புகுந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும்.

அப்புறம் வாளிச் சோதனை. பம்பின் வெளியேற்றும் பக்கத்துக் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு துண்டுக் குழாயை மாட்டி வாளிக்குள் விடுங்கள். தரையில் 5 லிட்டர் தண்ணீரை ஊற்றி, பம்பைப் போட்டு நேரம் பாருங்கள். என்னிடம் இருப்பது வேல் கல்ப்பர் 220 (முருகன் வேல் அல்ல, திமிங்கல வேல், வட அயர்லாந்துச் சரக்கு). ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைந்து தண்ணீரை இழுக்கும் டயாபிராம் பம்ப் என்பதால் தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் தாங்கும். நிமிஷத்துக்கு 14 லிட்டர் வாக்கில் இறைக்க வேண்டியது, அதாவது 5 லிட்டருக்கு 20, 25 நொடி. வாளிக்குள் வேகமாக விழுந்தால் கோளாறு பம்புக்கு அந்தப் பக்கம். வாளிக்குள்ளும் மெதுவாகத்தான் வந்தால் கோளாறு பம்பிலோ, அதற்கு முந்திய பாதையிலோ, இல்லை அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியிலோ.

எனக்கு ஒன்றரை நிமிஷம் ஆனது. உடனே பம்ப் போச்சு என்று முடிவு கட்டி, புதுசு வாங்கி மாட்டினேன். அதுவும் அதே ஒன்றரை நிமிஷம்.

பக்கத்தில் சுற்றுலாப் படகுகளுக்கு வயரிங் வேலை செய்கிற தம்பி ஒருவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, பம்ப் ஓடும்போது மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?" என்றார். பார்த்தேனே, 12.6 வோல்ட் இருந்தது என்றேன். "ஓடும்போதா?" என்று மறுபடி கேட்டார். இல்லை. பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கம்பி முனையில்தான் பார்த்திருந்தேன்.

விஷயம் அங்கேதான். மின்னோட்டம் இல்லாதபோது, துருப்பிடித்த இணைப்பு கூட முழு வோல்ட்டைக் காட்டும். பம்ப் மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கத் தொடங்கியதும்தான் குட்டு வெளிப்படும். ஓடவிட்டு, பம்பின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தபோது 9.4. பேட்டரியில் 12.5 இருந்தது. நடுவில் மூன்று வோல்ட் காணோம். கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால், பில்ஜுக்கு (படகின் அடியில் கசிவுத் தண்ணீர் சேரும் பள்ளம்) பக்கத்தில் ஓர் இணைப்பு பச்சை பூத்துப்போய்க் கிடந்தது. செம்பும் உப்புக்காற்றும் சேர்ந்தால் அப்படித்தான். வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளீயம் பூசிய 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டு, சூடு காட்டினால் சுருங்கும், உள்ளே பசையுள்ள குழாயால் இணைப்பை மூடினேன். கம்பியைத் தொடும் முன் பேட்டரி சுவிட்சை அணைத்துவிடுங்கள். 12 வோல்ட் ஆளைக் கொல்லாது, ஆனால் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

காதும் உதவும். டக் டக் டக் என்ற தாளம் சோம்பலாக இருந்தால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். தாளம் சுறுசுறுப்பாக இருந்தும் தண்ணீர் வரவில்லையென்றால், காற்று புகுகிறது அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் வால்வில் முடி சிக்கி அது மூடாமல் நிற்கிறது.

பழைய பம்பைத் திரும்ப மாட்டி வாளிக்குள் விட்டதும் 24 நொடி. குழாயை இணைத்தால் 40. மிச்சக் கோளாறு குழாயில். உள்ளே வரி வரியாக மடிப்புள்ள மலிவுக் குழாய். அறுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பிலும் சாம்பல் நிறக் களிம்பு. கடலில் நீந்திவிட்டு வந்து, உடம்பில் உப்புத் தண்ணீரோடே சோப்புக் கட்டியைத் தேய்க்கிற பழக்கம் எங்களுக்கு. கடல்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத அழுக்காகத் திரியும். உள்சுவர் வழவழப்பான 25 மில்லிமீட்டர் குழாய் போட்டதும் தீர்ந்தது. இப்போது திரவக் குளியல் சோப்புதான், அது பெரும்பாலும் இப்படித் திரிவதில்லை.

படகை மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் போகிறவர் என்றால், பக்கவாட்டுத் துளையையும் ஒரு குச்சி விட்டுப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் குளவி மண்கூடு கட்டியிருக்கும், கீழே இருந்தால் சிப்பி ஒட்டியிருக்கும்.

எதுவும் சரிப்படவில்லை என்று ஷவர் தண்ணீரைப் பில்ஜுக்குள் திருப்பிவிடும் யோசனையை யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். நாற்றம் ஒரு பக்கம், அந்த முடியெல்லாம் போய்ச் சிக்கப்போவது படகை மூழ்காமல் காக்கிற பில்ஜ் பம்பில்.