ரிமோட் டிரக் நேராக ஓட மறுக்கிறதா? ஸ்டியரிங் கேள்வி-பதில்

அண்ணே, என்னுடைய 1/10 அளவு ஷார்ட் கோர்ஸ் (மண் பாதைப் பந்தய வகை) ரிமோட் டிரக் இடப்பக்கமே இழுக்கிறது. ரிமோட்டில் ஸ்டியரிங்கின் நடுவை நகர்த்தும் டிரிம் குமிழை வலப்பக்கம் கடைசி வரை திருப்பியும் நேராகவில்லை. சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாரான செர்வோ போய்விட்டதா?
— ஈசூன் வாசகர்

செர்வோ மீது பழி போடும் முன் தரையைச் சந்தேகப்படுங்கள். புளோக்கைச் சுற்றியுள்ள தளமெல்லாம் மழைநீர் ஓட வாட்டம் வைத்துப் போட்டவை. டிரக்கை ஒரே கோட்டில் போகவிட்டு, அதே கோட்டில் திரும்பி வரவிடுங்கள். போகும்போது இடமும் வரும்போது வலமும் இழுத்தால் தரைதான் காரணம். இரண்டு முறையும் இடம் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

டிரிம்மை முதலில் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். நம் ஆட்கள் பலரும் முதலில் கை வைப்பதே அதில்தான். உண்மையில் அது கடைசியாகத் தொட வேண்டிய குமிழ். டிரக்கை ஓட்டும் மோட்டாரின் வயரைக் கழற்றிவிடுங்கள், விரல் தப்பிக்கும். ரிமோட்டை முதலிலும் டிரக்கைப் பிறகும் ஆன் செய்தால் செர்வோ தன் நடுநிலைக்கு வந்து நிற்கும். இப்போது திருகைக் கழற்றி, செர்வோ தண்டில் மாட்டியிருக்கும் கையான ஹார்னை உருவி, ஸ்டியரிங் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கும்படி மறுபடி மாட்டுங்கள்.

சரியாகச் செங்குத்தாக உட்காராது. செர்வோ தண்டில் 25 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி. எவ்வளவு கவனமாக மாட்டினாலும் 7.2 டிகிரி வரை தள்ளிப் போகலாம். அதற்கு ஒரு வழி உண்டு. நான்கு கை ஹார்ன் ஒன்றை எடுத்து, கைகளை ஒவ்வொன்றாகக் கம்பியின் பக்கம் வைத்துப் பாருங்கள். 25 நான்கால் மீதியின்றி வகுபடாது என்பதால் ஒவ்வொரு கையும் 3.6 டிகிரி விலகி நிற்கும். இருப்பதில் நெருங்கி வருவதை வைத்துக்கொண்டு மற்ற கைகளை வெட்டிவிடலாம். 24 பல் செர்வோவில் இந்த வித்தை பலிக்காது, நான்கு கையும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

மிச்சமிருக்கும் கோணலை, நீளத்தை மாற்றக்கூடிய கம்பியான டர்ன்பக்கிளைத் திருகிச் சரிசெய்யுங்கள். அதன் ஒரு முனையில் இடமரை, மறுமுனையில் வலமரை இருப்பதால் கழற்றாமலே நீளும், குறையும். அதற்கும் பிறகு இரண்டு மூன்று கிளிக் டிரிம் போதும்.

டமியா 1/14 டிராக்டர் டிரக் (டிரெய்லர் இழுக்கும் லாரி) வைத்திருக்கிறேன். இடப்பக்கம் சிக்கென்று திரும்புகிறது, வலப்பக்கம் பெரிய வட்டம் போடுகிறது. நிறுத்தி வைத்தாலும் செர்வோ முனகுகிறது.
— தோ பாயோ வாசகர்

இரண்டும் ஒரே கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹார்ன் நடுவில் இல்லாததால் ஒரு பக்கம் பாதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இன்னொரு பக்கம் அச்சு தடுப்பில் முட்டிய பிறகும் செர்வோ தள்ளிக்கொண்டே இருக்கிறது. சக்கரத்தை முழுசாகத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மட்டும் முனகுகிறதா, சும்மா நிற்கும்போதும் முனகுகிறதா என்று கவனியுங்கள். முழுத் திருப்பத்தில் என்றால் எண்ட் பாயிண்ட் (செர்வோ ஒரு பக்கம் திரும்பும் எல்லை, ரிமோட்டில் அமைப்பது) அதிகம். அப்படியே விட்டால் செர்வோ சூடேறிக் கருகும். சும்மா நிற்கும்போது என்றால் கம்பி எங்கோ இறுகிப் பிடிக்கிறது.

ஹார்னைச் சரிசெய்தபின் இடது, வலது எண்ட் பாயிண்டுகளைத் தனித்தனியாக அமையுங்கள். சக்கரம் தடுப்பில் தொடும் வரை கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் குறையுங்கள். ரிமோட்டில் மொத்தத் திருப்பத்தையும் குறைக்கும் டூயல் ரேட்டைத் தொடாதீர்கள், அது இரு பக்கத்தையும் சேர்த்தே குறைக்கும். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகம் மடங்குவது இயல்பு, அதைச் சரிசெய்யப் போகாதீர்கள்.

ஈஸ்ட் கோஸ்ட்டில் மணலில் ஓட்டுவேன். இப்போதெல்லாம் இடம் திரும்பினால் இடப்பக்கமே சாய்ந்து ஓடுகிறது, வலம் திரும்பினால் வலப்பக்கம். டிரிம் எதற்கும் மசியவில்லை.
— பிடோக் வாசகர்

மசியாது. நடுப்புள்ளியே நிலையாக இல்லாதபோது டிரிம் எதை நகர்த்தும்? டிரக்கை ஆன் செய்து ஒரு முன்சக்கரத்தை மெதுவாக ஆட்டுங்கள், இன்னொரு கை விரலை ஸ்டியரிங் கம்பிகளை இணைக்கும் ஒவ்வொரு பந்து மூட்டின் மேலும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கும் மூட்டில்தான் ஆட்டம். அங்கே எல்லாம் கெட்டியாக இருந்தால் மோதும் அடியைத் தாங்கிக்கொள்ளும் செர்வோ சேவரின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்குங்கள். கொஞ்சம் மட்டும், முழுசாக இறுக்கினால் கல்லில் மோதும்போது அடி நேராக செர்வோ கியருக்குப் போகும்.

உங்கள் விஷயத்தில் ஸ்டியரிங் கிராங்க் (செர்வோவின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கை) சுழலும் புஷ்ஷுக்குள் மணல் புகுந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கழற்றி, கழுவி, உலர்த்தி மாட்டுங்கள். எண்ணெய் வேண்டாம், அடுத்த மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புக்காற்றில் பேரிங்கும் துருப்பிடிக்கும், அதையும் சுற்றிப் பாருங்கள்.

முன்சக்கரம் உள்ளே பார்க்க வேண்டுமா, வெளியே பார்க்க வேண்டுமா?
— செங்காங் வாசகர்

நேராக, அல்லது ஒரு டிகிரி வெளியே. உள்ளே பார்த்தால் நேர் ஓட்டம் அமைதியாக இருக்கும், திருப்பத்தில் மந்தமாகும். பேட்டரியை டிரக்கில் வைத்து, டிரக்கைத் தரையில் நிறுத்திய பிறகுதான் அளக்க வேண்டும். 110 மிமீ டயரில் ஒரு டிகிரி என்பது முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஏறக்குறைய 2 மிமீ வித்தியாசம். சாதா ஸ்கேல் போதும்.

ஒவ்வொரு முறை ஓட்டியதும் டிரிம் மாறிவிடுகிறதே?
— ஜூரோங் வாசகர்

ஹார்ன் திருகு தளர்ந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் ஹார்னின் பல் தேய்ந்திருக்கும். உலோகத் தண்டு என்றால் திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல நிறத் திரெட் லாக் ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். பிளாஸ்டிக் தண்டில் அதை விடாதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது அரித்து விரிசல் விட வைக்கும்.

மகனுக்குத் தேக்காவில் மலிவாக ஒரு பொம்மை டிரக் வாங்கினேன். நேராகவே ஓடுவதில்லை, ரிமோட்டில் டிரிம் குமிழும் இல்லை.
— உட்லண்ட்ஸ் வாசகர்

கவிழ்த்துப் பாருங்கள். இந்த வகை பொம்மைகள் பலவற்றில் முன்சக்கரங்களுக்கு நடுவே, அடிப்பக்கம், நகத்தால் நகர்த்தக்கூடிய சின்னப் பிடி ஒன்று இருக்கும். ஒரு படி நகர்த்தி ஓட்டுங்கள். இழுப்பு அதிகமானால் எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். பிடியே இல்லை என்றால் முன் அச்சில் முடி, நூல் ஏதாவது சுற்றியிருக்கிறதா பாருங்கள்.