வலக்கரைக் குழாய், இடக்கரைக் குழாய்

அன்புள்ள ஐயா,

அத்தியாவசியப் பொருட்கள் அரசின் கையில்தான் இருக்க வேண்டும் என்கிறார் என் நண்பர். தனியாரிடம் விட்டால் போட்டியில் விலை இறங்கும், தரம் ஏறும் என்பது என் கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்? நழுவாமல் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நழுவவில்லை. முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பிடிக்கவில்லை என்றால் வாங்குபவர் வேறு இடம் போக முடியுமா?

கடைகள் அரசின் கையில் இருந்த அன்றைய சோவியத் நாட்டில் முடியாது. அங்கே வெளியே கிளம்புகிறவர்கள் சட்டைப்பையில் சுருட்டி வைத்துக்கொள்ள ஒரு நூல்வலைப் பை இருந்தது. பெயர் ‘அவோஸ்கா’. ‘அவோஸ்’ என்றால் ‘ஒருவேளை’. ஒருவேளை இன்று ஏதாவது கிடைக்கலாம்! வரிசை தென்பட்டால் முதலில் போய் நின்றுவிடுவது, அப்புறம்தான் என்ன விற்கிறார்கள் என்று விசாரிப்பது. விலை என்னவோ குறைவுதான். மீதியைக் கால்கடுக்க நின்று கொடுத்தார்கள். நஷ்டம் வந்தால் அரசு தாங்கிக்கொள்ளும் என்று தெரிந்த தொழிற்சாலை வாங்குபவரைப் பற்றி ஏன் கவலைப்படப்போகிறது என்பது ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கொர்னாயின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. சோப்பு விற்பது அரசின் வேலை இல்லை.

அதற்குள் நண்பரிடம் போய் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிவிடாதீர்கள். பாரிஸ் நகரம் 1985இல் குடிநீர் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தது. கம்பெனிகள் இரண்டு. ஆனால் சேன் நதியின் வலக்கரை ஒன்றுக்கு, இடக்கரை இன்னொன்றுக்கு. வலக்கரைக்காரர் இடக்கரைக் கம்பெனியின் தண்ணீர்தான் வேண்டும் என்றால் வீட்டையே மாற்ற வேண்டும். தெருவுக்கடியில் ஓடுவது ஒரே குழாய். போட்டிக்காக இன்னொன்றைப் பதிக்க யாரும் தெருவைத் தோண்டப்போவதில்லை. 2010இல் நகர நிர்வாகமே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு கட்டணம் 8 சதவீதம் குறைந்தது. இங்கிலாந்திலும் 1989இல் பழைய கடனையெல்லாம் அரசு துடைத்துவிட்டுத்தான் தண்ணீரைத் தனியாரிடம் ஒப்படைத்தது. கண்காணிக்க ஒரு அமைப்பு இருந்தும் இன்று அந்தக் கம்பெனிகள் மறுபடி கழுத்தளவு கடனில். போட்டியே இல்லாத இடத்தில் தனியார் என்பது லாபம் பார்க்கும் இன்னொரு அரசாங்கம், அதுவும் ஓட்டுப்போட்டு மாற்ற முடியாத ஒன்று.

எனக்கே இடிப்பது மருந்துதான். காப்புரிமை இருக்கும்வரை அதுவும் ஒற்றைக் குழாய். அது முடிந்து பலரும் தயாரிக்க ஆரம்பித்தால் விலை சரிகிறது. உங்கள் கட்சிக்கு நல்ல சாட்சி. ஆனால் காப்புரிமைக் காலம் 20 ஆண்டுகள். நோயாளி அதுவரை காத்திருக்க முடியாது. காப்புரிமையே கூடாது என்றால் அடுத்த மருந்தை யார் கண்டுபிடிப்பார்? இதற்கு உங்கள் நண்பர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.