கன்னத்தில் அறைந்துகொள்ளும் மகன்: பல்லைப் பார்த்தீர்களா?

கேள்வி: மகனுக்கு 17 வயது, ஆட்டிசம். நாலைந்து சொற்கள்தான் பேசுவான். இரண்டு மாதமாகக் கன்னத்தில் அறைந்துகொள்கிறான், சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிடுகிறான். ‘ஆட்டிசம்னா அப்படித்தான்’ என்று ஆவேசத்தைத் தணிக்கும் ரிஸ்பெரிடோன் மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். 18 ஆனால் குழந்தை மருத்துவர் பார்க்கமாட்டாராம். எங்கே போவது? - ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, முதலில் பல்லைக் காட்டுங்கள். வலிக்கிறது என்று சொல்ல வராத பிள்ளை வலிக்கிற இடத்தைத்தான் அடிப்பான். கன்னத்தில் அறைவதும் சோற்றைத் தள்ளுவதும் சேர்ந்து வந்தால் என் முதல் சந்தேகம் சொத்தைப் பல். ஞானப்பல் முளைக்கிற வயதும் இதுதான். அடுத்து காது, பிறகு மலச்சிக்கல். நேற்றுவரை இல்லாத பழக்கம் திடீரென்று வந்தால் அதை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ அன்றே கூட்டிப்போங்கள். இல்லையென்றால் நாலைந்து நாள் வீட்டில் பழக்குங்கள். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, டார்ச் அடித்து, ஐந்து எண்ணும்வரை வாய் திறக்கட்டும். பிறகு பத்து. காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் கூடத்தின் இரைச்சலிலேயே பாதிப் பிள்ளைகள் கலைந்துபோவார்கள். அவன் அறைந்துகொள்வதைச் செல்போனில் எடுத்துவைத்துப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படியும் வாயைத் திறக்காவிட்டால், மயக்க மருந்து நிபுணர் உள்ள பெரிய மருத்துவமனையில் மயக்கம் கொடுத்துப் பார்க்கலாம்.

ரிஸ்பெரிடோனை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் அது பசியையும் எடையையும் ஏற்றும் மருந்து. மாதம் ஒருமுறை எடை பாருங்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலிப்பு புதிதாகத் தலைகாட்டக்கூடிய வயதும் இது. வெறித்துப் பார்த்துவிட்டுச் சோர்ந்து தூங்கினால் அதையும் படம் எடுங்கள்.

18க்குப் பிறகு? அமெரிக்காவில் 8 வயதுப் பிள்ளைகளை வைத்து எடுத்த ஆட்டிசக் கணக்கு 2000இல் 150க்கு ஒன்று, 2022இல் 31க்கு ஒன்று. கண்டுபிடிப்பது கூடியதும் வரையறை விரிந்ததும் இதற்குப் பெரிய காரணம். 2000இல் எண்ணப்பட்டவர்களுக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது, பெரியவர்களான அவர்களையும் பார்க்க மருத்துவர் வேண்டும். நம் ஊரிலோ பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்கூட 18 வயதுவரைதான். ஆகவே குழந்தை மருத்துவரிடம் இப்போதே ஒரு பக்கக் குறிப்பு வாங்குங்கள்: மருந்தும் அளவும், ஒவ்வாமை, வலியை எப்படிக் காட்டுவான், எதற்குப் பயப்படுவான். அதை வைத்து ஒரு குடும்ப மருத்துவரையும் ஒரு மனநல மருத்துவரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

18 முடிந்ததும், ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவில், அவன் சார்பில் முடிவெடுக்கும் சட்டப்பூர்வக் காப்பாளராக விண்ணப்பியுங்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும், வெளிநோயாளிச் செலவும் அதில் உண்டு. ஆனால் பணத்தை முதலில் நீங்கள் கட்டி, பிறகுதான் திரும்பப் பெறமுடியும். பல் மருத்துவர் ரசீது உட்பட எல்லாவற்றையும் மகன் பெயரில் வாங்கிவையுங்கள்.