2014-இல் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸ் 11 போடலாமா, புதிது வாங்கிவிடலாமா?

போடலாம். அதற்கு முன் சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். கேட்டது ஒன்று, சொல்வது ஒன்றாக இருக்கிறதே என்று தோன்றும். பட்டவன் சொல்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை டிடிபி என் தொழில். என் லேப்டாப்பும் உங்களுடையது மாதிரிதான்: நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டு டீக்கடை போய் வரலாம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் நிற்கிறது என்றதும் பயந்துபோய், 11 ஏறுமா என்று சோதித்துப் பார்த்தேன். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸர் பழசு, தேறாது என்று வந்தது.

சர்வீஸ் கடையில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி, கூடுதலாக 4 ஜிபி ரேம் போட்டார்கள். அந்தச் சோதனையைத் தாண்டவைக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருளில் செய்த பென்டிரைவால் 11 ஏறிவிட்டது. டிவிடி டிரைவைக் கழற்றி, அந்த இடத்தில் பழைய டிஸ்க்கைக் கேடி (caddy) என்ற சட்டத்தில் வைத்து மாட்டினார்கள். வேகம் அருமை, பொய் சொல்ல மாட்டேன். அதில் பெரும்பங்கு எஸ்எஸ்டி செய்த வேலை. "டி டிரைவைத் தொடவே இல்ல சார்" என்றார் கடைக்காரர். தொடவில்லைதான். இடம் வேண்டுமே என்று பழைய சி-யை மட்டும் அழித்திருந்தார்.

மறுநாள் ஒரு பத்திரிகையைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. ஃபான்ட் போனால் தமிழும் போச்சு. இருபது வருட டிசைன்கள், அத்தனையும் அப்படி. பாமினியாவது நெட்டில் கிடைக்கும். நான் காசு கொடுத்து வாங்கிய அலங்கார ஃபான்ட்களுக்கு எங்கே போவது?

ஃபான்ட் மாறினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும் யூனிகோடில் அடிக்க வேண்டியதுதானே என்று கமென்ட் போட வருபவர்கள், எங்கள் தொழிலின் பழைய டிசைன் மென்பொருளான பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழை அடித்துக் காட்டிவிட்டு வரட்டும். விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போடச் சொல்பவர்களுக்கும் இதே பதில். நெட் பார்க்க மட்டும் என்றால் மின்ட் நல்லதுதான், நான் மறுக்கவில்லை.

இன்னொன்று, இப்படிக் குறுக்கு வழியில் போட்டாலும் மாதாந்திர அப்டேட் எனக்கு வருகிறது. வருடாந்திரப் பெரிய பதிப்பு தானாக வராது, மறுபடி பென்டிரைவ்தான். எதற்கும் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது.

இத்தனைக்கும் இப்போது யார் பத்திரிகை அடிக்கிறார்கள்? "வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் பண்ணிக் குடுங்க, சாமிக்கு வைக்க 50 மட்டும் பிரின்ட் போதும்" என்கிறார்கள். அந்த 50-க்கும் பேரம் வேறு.

ஃபான்ட்கள் ஒரு பழைய சிடியில் இருந்தன, பரணில் கிடைத்தது. போட்டுப் பார்க்கத்தான் டிவிடி டிரைவ் இல்லை. கழற்றியதைக் கடைக்காரர் இன்னும் திருப்பித் தரவில்லை.