மொட்டை மாடியில் மண் பரப்பிப் புல் வளர்த்தால் கீழே வெக்கை குறையுமா?

குறையும். நீங்கள் மேல்மாடிக்காரர், ராத்திரி ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கீழ்த்தளம் என்றால் விட்டுவிடுங்கள். பலன் கூரைக்கு நேர் கீழே உள்ள அறைக்குத்தான்.

எங்கள் வீடு மதுரையில். படுக்கையறைக்கு மேலே மட்டும் புல். பக்கத்து அறைக்கு மேலே மாடியில் பதிக்கும் வெறும் தட்டு ஓடுதான் (தட்டோடு). நம்பாதவர்களைச் சித்திரை மாதத்து ராத்திரியில் ஸ்டூல் போட்டு ஏற்றி இரண்டு சீலிங்கையும் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். தட்டோட்டுப் பக்கம் கையில் சூடு நன்றாகவே தெரியும். காங்கிரீட் பகலில் வாங்கிய வெயில் கீழே வந்து சேர ராத்திரியாகிவிடும். ஈர மண் இருந்தால் வெயிலின் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். எனவே தண்ணீர் விடாமல் காயப்போட்டால் பலனும் குறையும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஆவியாவதும் கொஞ்சம் மந்தம்தான்.

உடனே லாரி மண்ணை ஏற்றிக் கொட்டச் சொன்னேன் என்று சண்டைக்கு வராதீர்கள். ஆள் நடமாடும் மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும் கணக்கில்தான் வழக்கமாகக் கட்டுவார்கள். 10 செ.மீ. தோட்டத்து மண் நனைந்தாலே அதைத் தாண்டிவிடும். நாங்கள் இன்ஜினீயரிடம் காட்டிவிட்டு, வாட்டர்ப்ரூஃபிங், வேர் இறங்காமல் ஒரு ஷீட், தண்ணீர் வடிய ஓர் அடுக்கு, அப்புறம் தென்னை நார்த்தூள் அதிகம் கலந்த மண் என்று போட்டோம்.

வெள்ளைப் பெயின்ட் போதாதா என்பீர்கள். செலவு குறைவு, மறுக்கவில்லை. இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைக்குக் குளிர்கூரை என்று பெயர்; தெலங்கானா அரசே 2023-இல் அதற்கென்று கொள்கை கொண்டுவந்தது. வாடகை வீடு என்றால் அதையே செய்யுங்கள். ஆனால் தூசி படியப் படிய வெயிலைத் திருப்பி அனுப்புவது குறையும், கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஏசி வாங்க வக்கில்லாதவன் புல் வளர்க்கிறான்" என்று ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்னவர் எங்கள் பங்காளி, பக்கத்து வீடுதான். அவர் ஏசியின் வெளிப்பெட்டி எங்கள் சன்னலைப் பார்த்துத்தான் அனலை ஊதுகிறது. கேட்டால், "சுவர் என்னுடையது" என்கிறார். பாகம் பிரித்தபோது பொதுச்சுவர் என்றுதான் பேச்சு, பத்திரத்தில் ஏறவில்லை.