ஒரு எஞ்சின், ஒரு எண், ஒரு வருடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் கணபதியில் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். பெரும்பாலும் பம்ப் ஷாஃப்ட், புஷ், அந்த மாதிரி வேலைதான். பழைய நீராவி எஞ்சின்களை விகிதம் மாறாமல் சின்னதாகச் செய்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. சின்ன வயதிலிருந்து மேட்டுப்பாளையத்தில் பார்த்துப் பழகிய மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் எஞ்சினைத்தான் செய்ய வேண்டும், அதுவும் நிஜமாகவே நீராவியில் ஓட வேண்டும். முதல் முயற்சியிலேயே இதில் இறங்கலாமா? எந்த அளவில் செய்வது? நண்பர் ஒருவர் மேல்பகுதி முழுவதையும் 3டி பிரிண்ட் எடுத்துவிடு என்கிறார், அது ஏமாற்று வேலை ஆகாதா? வீட்டில் "இதுல என்ன வருமானம் வரப்போகுது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ச., கோவை

அன்புள்ள ச.,

எக்ஸ் கிளாஸை முதல் எஞ்சினாகவே செய்யலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நீராவியில் வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன், அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

"எக்ஸ் கிளாஸ்" என்று ஒரு எஞ்சின் கிடையாது. அது ஒரு வகையின் பெயர். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் 1910களில் தொடங்கி 1950களின் ஆரம்பம் வரை தவணை தவணையாகச் செய்து அனுப்பப்பட்டவை அவை. அப்புறம் 2011 முதல் நம்ம திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிதாகச் செய்து தர ஆரம்பித்தது. நிலக்கரியில் ஓடியவை உண்டு, எண்ணெய்க்கு மாற்றப்பட்டவை உண்டு. மாற்றும்போது நெருப்புப் பெட்டியோடு வேலை முடிந்துவிடாது, குழாய்கள் போகும் வழி, எரிபொருள் வைக்கும் இடம் எல்லாம் மாறும். நூறு வருடம் ஓடிய ஒரு எஞ்சினில் விளக்கு மாறியிருக்கும், பெயிண்ட் மாறியிருக்கும், ஒரு பட்டறையில் ஒட்டுப் போட்ட தகடு அடுத்த ஓவர்ஹாலில் காணாமல் போயிருக்கும். ஒரு போட்டோவிலிருந்து புகைபோக்கி, இன்னொன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டி, மூன்றாவதிலிருந்து டிரைவர் நிற்கும் கேபின் என்று சேர்த்துச் செய்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அப்படி ஒரு எஞ்சின் எந்த நாளிலும் அந்த மலையில் ஏறியிருக்காது. எனக்கு அது ஒப்பாத வேலை. நீங்கள் செய்யப்போவது ஒரு பொம்மை இல்லை, ஒரு பதிவு. அதனால் முதலில் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள், பிறகு ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண்ணுள்ள எஞ்சின் அந்த வருடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, அழுக்கோடும் ஒட்டுத் தகட்டோடும் செய்ய வேண்டும். இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் பின்னால் வரும் நூறு சந்தேகங்களுக்குப் பதில் தானாகக் கிடைக்கும்.

இதில் உங்களுக்கு உள்ள வசதி உலகத்தில் ரொம்பப் பேருக்குக் கிடையாது. பழைய நீராவி எஞ்சினைச் செய்ய நினைக்கிற பலருக்கு அது கம்பிவேலிக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும், இல்லையென்றால் போட்டோவில் மட்டும் இருக்கும். உங்களுக்கோ உங்கள் பட்டறையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், காலை 7.10 வண்டிக்கு, உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறது. போய்ப் பாருங்கள். கேமராவைக் கிட்டே கொண்டுபோய் எடுக்காதீர்கள், தள்ளி நின்று ஜூம் வைத்து, நேர் பக்கவாட்டில் எடுங்கள், அப்போதுதான் அளவுகள் கோணலாகாமல் வரும். அனுமதி கிடைத்தால் ஒரு மீட்டர் குச்சியை எஞ்சின் மேல் சாய்த்து வைத்து எடுத்துவிடுங்கள், அந்த ஒரு படத்திலிருந்தே பாதி வரைபடம் போட்டுவிடலாம். மேலே ஏறும்போது ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்பார்கள், அது நல்ல நேரம். குன்னூர் ஷெட்டுக்குள் போக முறையாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் வாயால் சொல்கிறதை அன்றைக்கே எழுதி வையுங்கள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் அவர்களிடம் இருக்கிறது.

கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டும்போது மட்டும் கண்ணை எடுக்காதீர்கள். இந்த எஞ்சினின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர் இருக்கும், இரு பக்கமும் சேர்த்து நான்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளம், அதுவரை கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும்தான் சக்கரத்தைச் சுற்றும், மேலே உள்ளவை சும்மா இருக்கும். கல்லாறுக்குப் பிறகு தண்டவாளங்களுக்கு நடுவில் பல்சட்டம், அதாவது பல் வெட்டிய இரும்புச் சட்டம், ஆரம்பிக்கிறது, ஏற்றம் 1:12.5 அளவுக்குப் போகிறது, அதாவது பன்னிரண்டரை அடி போனால் ஒரு அடி உயரம். அப்போது கீழ்ச் சிலிண்டரில் ஒரு முறை வேலை செய்து முடித்த நீராவி வெளியே போகாமல் மேல் சிலிண்டருக்குப் போய், குறைந்த அழுத்தத்தில் இரண்டாவது முறையும் வேலை செய்து, அந்தப் பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தைச் சுற்றும். நடுவில் ஒரு பல்லிணைப்பு இருப்பதால் மேல் ராடுகள் கீழ் ராடுகளுக்கு எதிர்த் திசையில், அவற்றைவிட வேகமாகச் சுற்றும். ஒரே எஞ்சினின் உடம்பில் இரண்டு தாளம் ஓடும்! உங்கள் மாதிரியில் இது வரவில்லையென்றால் ரிவிட் எல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. இது வந்துவிட்டால் மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மலை ரயிலை அறிந்தவர்கள் பார்த்த நொடியில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அளவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் அகல ரயில் பாதைக்கு 1676 மி.மீ. இடைவெளி. அதை 1:87இல், அதாவது 87இல் ஒரு பங்காகக் குறைத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரவேண்டும், ஆனால் அந்த அளவு மாதிரிகளுக்கென்று கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ.தான், அதனால் இந்திய எஞ்சின் மாதிரிகள் பலவற்றில் உடம்பு அகலமாகவும் கால்கள் ஒடுங்கியும் இருக்கும். மலை ரயில் 1000 மி.மீ. இடைவெளியுள்ள மீட்டர் பாதை என்பதால் அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. 1:22.5 அளவில் 45 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். 1:8 அளவுக்குப் போனால் ஐந்து அங்குலப் பாதை பொருந்தும், அதில் ஆளே உட்கார்ந்து போகலாம். ஆனால் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு என்றால் கன அளவில் 512இல் ஒரு பங்கு, 50 டன் எடையுள்ள எஞ்சின் அப்போதும் 100 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். உங்கள் முதல் எஞ்சினுக்கு 1:22.5 போதும். பல்சட்டத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: மலை ரயிலில் உள்ளது போல இரண்டு பல்சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் ஆப்ட் முறையில் பல்லுக்குப் பல் வழக்கமான தூரம் 120 மி.மீ., இந்த அளவில் அது 5.3 மி.மீ., பல்லின் அளவைச் சொல்லும் மாடுல் கணக்கில் (பல் தூரத்தைப் பை, அதாவது 3.14ஆல் வகுத்தது) சுமார் 1.7 வரும். உங்களிடம் இருக்கக்கூடிய 1.5, 2 கட்டர்கள் இரண்டும் ஆகாது. தனியாக ஒரு கட்டர் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு சட்டங்களின் பற்களும் அரைப் பல் தள்ளித் தள்ளி இருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இப்போது நீராவிக்கு வருகிறேன். எஞ்சினைக் குறைத்துச் செய்யலாம், நீராவியின் குணத்தைக் குறைக்க முடியாது. எட்டில் ஒரு பங்காகச் சுருக்கும்போது பரப்பு 64இல் ஒன்றாகிறது, கொள்ளளவு 512இல் ஒன்றாகிறது. அதாவது உள்ளே இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் சூடு வெளியேறும் பரப்பு எட்டு மடங்கு. சின்னச் சிலிண்டருக்குள் நுழையும் நீராவி வேலை செய்வதற்குள் குளிர்ந்து தண்ணீராகிவிடும். பாய்லர் குழாய்களைப் படத்தில் உள்ள எண்ணிக்கையிலேயே குறைத்துப் போட்டால் புகை போக வழியில்லாமல் நெருப்பே அணைந்துவிடும், அதனால் எண்ணிக்கையைக் குறைத்து, அளவுக்கு மீறிய பருமனில் போட வேண்டும். சின்ன எஞ்சின் நிலக்கரியில் ஓடி ஆளை இழுக்குமா என்று 1920களில் இங்கிலாந்தில் பெரிய சண்டையே நடந்தது. எல்பிஎஸ்சி என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் பாய்லரின் விகிதத்தை மாற்றிச் செய்து, ஓட்டியும் காட்டினார். அதற்கே அவ்வளவு பாடு என்றால், நீராவி இரண்டு முறை வேலை செய்யும் நான்கு சிலிண்டர் எஞ்சின் முதல் எஞ்சினாக ஆகுமா என்று யோசியுங்கள். இரண்டாவது சிலிண்டருக்குப் போவதற்குள் அந்தச் சின்ன அளவில் நீராவியில் உயிரே இருக்காது.

ஆசையை விட வேண்டாம். பக்கத்தில் தனியாக ஒரு ஊசலாடும் சிலிண்டர் எஞ்சின் செய்யுங்கள், நீராவியைத் திறந்து மூடும் வால்வு கியர் எதுவும் இல்லாதது, உங்களிடம் இருக்கும் துண்டுப் பித்தளையே போதும். உங்கள் கம்ப்ரசர் காற்றிலேயே ஓட்டிப் பாருங்கள். அது ஓடி, பழகி, கசிவு எங்கே வருகிறது என்பது கைக்குத் தெரிந்த பிறகு பாய்லரைப் பற்றிப் பேசலாம்.

பாய்லரில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேளுங்கள். ஈயப் பற்றவைப்பு ஆகவே ஆகாது. சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் சூடு 160 டிகிரியைத் தாண்டிவிடும், வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினால் போதும், இணைப்பு கழன்றுவிடும். செம்புத் தகடு, 600 டிகிரிக்கு மேல் உருகும் சில்வர் பிரேசிங், அதுவும் கேட்மியம் கலக்காதது. ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பாஸ்பரஸ் கலந்த ராடு சுலபமாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தகம் அந்த இணைப்பை அரித்துவிடும். செய்து முடித்ததும் ஓடும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்குத் தண்ணீர் அடைத்துச் சோதிக்க வேண்டும். காற்றடைத்துச் சோதிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுப்போனால் சொட்டும், காற்றில் விட்டுப்போனால் வெடிக்கும். உங்கள் பட்டறையில் குழந்தைகள் வந்துபோவார்கள் அல்லவா, அதை நினைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

எக்ஸ் கிளாஸின் அடிச்சட்டத்தில் நீங்கள் கஷ்டப்படப்போவது சக்கரத்தில்தான். இணைந்து சுற்றும் அச்சு நான்கு. ஒரு பக்கத்துக் கிராங்கும் (சக்கரத்தில் ராடு மாட்டும் இடம்) மறுபக்கத்துக் கிராங்கும் 90 டிகிரி விலகி இருக்க வேண்டும், ஒரு பக்கம் முட்டி நிற்கும்போது மறுபக்கம் தள்ளிவிடுவதற்காக. உண்மையில் அது 89 ஆனாலும் ஓடும், ஆனால் நான்கு அச்சிலும் அதே 89 இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் இறுகும். அதனால் கண்ணளவில் அடிக்காமல் கோணம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் ஒரே ஜிக்கில் வைத்து நான்கையும் அழுத்துங்கள். ஷாஃப்ட் திருப்பிப் பழகின கைக்கு இது வரும்.

3டி பிரிண்ட் ஏமாற்று வேலையா என்றால், இல்லை. புகைபோக்கி மூடி, டோம், விளக்கு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுங்கள். கோவையில் பேட்டர்ன் செய்கிறவர்கள் மரத்தில் செதுக்கியதும் வார்ப்புக்கு முந்தைய வடிவம்தான், அதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. என் கவலை வேறு. ஓடும் பாகங்களையும் பிரிண்ட் எடுத்துவிட்டால் அந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று உங்கள் கைக்குத் தெரியாமலே போய்விடும். சக்கரத்தைப் பிரிண்டில் பேட்டர்னாக எடுத்து, பக்கத்து பவுண்டரியில் கிரே அயர்னில் வார்த்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும், அதற்கும் கடைசலுக்கும் சேர்த்துப் பேட்டர்னைப் பெரிதாக வையுங்கள். சின்ன வார்ப்பு என்று முதலில் முகம் சுளிப்பார்கள், என்ன எஞ்சின் என்று படத்தைக் காட்டினால் போதும், "அட, நம்ம ஊட்டி வண்டிங்களா" என்று அவர்களே முன்வந்து செய்வார்கள். பம்பும் மோட்டாரும் செய்யும் இந்த ஊரில் பேட்டர்ன், மோல்டிங், லேத், கியர் கட்டிங் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கிட் வாங்கி ஒட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

வீட்டில் கேட்கும் கேள்விக்கு: வருமானம் வராது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பொய் சொன்னால் அடுத்த மாதமே கணக்குக் கேட்பார்கள். இதற்கென்று வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மத்தியானம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜாப் ஒர்க் நேரத்தைத் தொடாதீர்கள். வீட்டாரையும் ஒரு நாள் அந்த வண்டியில் கூட்டிப்போங்கள், கல்லாறில் அந்த மேல் ராடு சுற்ற ஆரம்பிப்பதைக் காட்டுங்கள். நீங்கள் எதற்காக இப்படித் தவிக்கிறீர்கள் என்று அதைப் பார்த்தால் புரியும் என்று நம்புகிறேன், எனக்குத் தெரிந்த வீடுகளில் புரிந்திருக்கிறது.

சரி, பித்தளை வாங்குவதற்கு முன்னால் எந்த எண், எந்த வருடம் என்று முடிவுசெய்து எழுதுங்கள். அந்த வருடத்தில் அது நிலக்கரியா எண்ணெயா என்பதையும் ஷெட்டில் கேட்டு உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள், கேபினுக்குப் பின்பக்கத்தை எப்படி வரைவது என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அன்புடன்