புர்ஹான் வானி: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

புர்ஹான் வானி, 2016-இல் சுட்டுக் கொல்லப்பட்ட காஷ்மீர் தீவிரவாதி. காஷ்மீர் விவகாரத்தைப் பல வருடமாகப் படித்து வருகிறேன் என்பதால் அவரைப் பற்றிய இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வசவுகளை விட்டுவிட்டேன்.

நெல்லைவாசி: சார், வேலை வெட்டி இல்லாத ஏழைப் பையன், பணம் கொடுத்து இழுத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

இவர் விஷயத்தில் அது பொருந்தாது. தெற்குக் காஷ்மீரில், புல்வாமா மாவட்டம் த்ரால் பக்கத்துக்காரர். அப்பா முசஃபர் வானி அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். அம்மாவும் பட்ட மேற்படிப்பு படித்தவர். 1994 செப்டம்பரில் பிறந்த பையன், 2010 அக்டோபரில் வீட்டை விட்டுப் போய் ஹிஸ்புல் முஜாஹிதீன் என்ற தீவிரவாத அமைப்பில் சேர்ந்தார். பள்ளிப் படிப்பே முடியவில்லை.

ஏன் போனார் என்பதற்குக் குடும்பம் சொல்வது இது: அண்ணன் காலிதும் ஒரு நண்பரும் இவரும் போய்க்கொண்டிருந்தபோது, போலீஸின் சிறப்புப் பிரிவு ஆட்கள் மறித்து சிகரெட் வாங்கி வரச் சொன்னார்கள், வாங்கிக் கொடுத்த பிறகும் அடித்தார்கள். நடந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு அடியை மட்டும் காரணமாகச் சொன்னால் கதை ரொம்பச் சுலபமாகிவிடுகிறது. அந்த வருடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2010 ஏப்ரலில் மச்சில் பகுதியில் 3 கிராமத்தவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, எல்லை தாண்டி வந்த தீவிரவாதிகள் என்று கணக்குக் காட்டினார்கள். ஜூனில் ஸ்ரீநகரில் 17 வயது மாணவன் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டுச் செத்தான். அந்தக் கோடையில் தெருவில் இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல், பெரும்பாலும் இளவட்டங்கள். அடி வாங்கிய எல்லாப் பையன்களும் துப்பாக்கி எடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கவிதா, திருச்சி: அவர் எத்தனை தாக்குதல் நடத்தினார்?

பெரிய தாக்குதல் எதையும் முன்னின்று நடத்தியவர் என்று பெயர் எடுக்கவில்லை. பாகிஸ்தானுக்குப் பயிற்சிக்குப் போனவரும் இல்லை என்றுதான் பரவலாகச் சொல்லப்பட்டது. அப்படியிருந்தும் தலைக்கு 10 லட்சம் ரூபாய் வைத்தார்கள். காரணம், அவர் கையில் இருந்த போன்.

1990-களின் ஆட்கள் முகத்தை மூடிக்கொண்டு, மாற்றுப்பெயரில் திரிந்தார்கள். இவர் முகத்தைக் காட்டினார், சொந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். ராணுவப் பச்சை உடையில், தோளில் ஏகே ரைஃபிளோடு, ஆப்பிள் தோட்டத்திலும் காட்டிலும் சிரித்துக்கொண்டு எடுத்த படங்கள் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பறந்தன. பள்ளிக்கூடப் பையன்களுக்கு அவர் சினிமா ஹீரோ மாதிரி ஆகிப்போனார். ஆள் சேர்ப்புதான் அவருடைய உண்மையான வேலை. அதில் கெட்டிக்காரர்.

அதற்காக அவரை அப்பாவியாக்க வேண்டாம். 2016 ஜூனில் வந்த வீடியோவில், அமர்நாத் யாத்திரைக்காரர்களைத் தொட மாட்டோம் என்றவர், அதே வாயால் போலீஸ்காரர்களையும், காஷ்மீர் இந்துக்களான பண்டிட்டுகளுக்குத் தனிக் குடியிருப்பு கட்டினால் அதையும் தாக்குவோம் என்று மிரட்டினார். ஜம்மு காஷ்மீர் போலீஸில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர் முஸ்லிம்கள்தான், அதே ஊர்களில் குடும்பம் நடத்துகிறவர்கள். அந்த மிரட்டல் யார் வீட்டு வாசலுக்குப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய பேப்பர்: அந்த குரூப் போட்டோவில் இருந்த பையன்கள் என்ன ஆனார்கள் அண்ணா?

புர்ஹானும் கூட்டாளிகளும் சேர்ந்து எடுத்து, 2015-இல் வெளியான படம். 11 பேர், ஒருவரும் முகம் மூடவில்லை. அவர்களில் ஒருவர் போலீஸ் வேலையிலிருந்து துப்பாக்கியோடு ஓடி வந்தவர். தாரிக் பண்டிட் என்பவர் 2016-இல் பிடிபட்டார், உயிர் தப்பினார். மற்ற அனைவரும் செத்துவிட்டார்கள். கடைசி ஆள் லத்தீஃப் டைகர், 2019 மே மாதம் ஷோபியானில். ஆக, படம் வந்து 4 வருடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய பையன்களுக்கு யாரும் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சேலம் மாம்பழம்: எப்படிச் செத்தார்?

2016 ஜூலை 8, ஈத் முடிந்த கையோடு. அனந்த்நாக் மாவட்டம் கோகர்நாக் அருகே பம்டூரா கிராமத்தில் ஒரு வீட்டை ராணுவமும் போலீஸும் வளைத்தன. இன்னும் இருவரோடு சேர்த்துச் சுடப்பட்டார். வயது 21. உள்ளே இருந்தது இவர் என்று படைகளுக்கே தெரியாது, தெரிந்திருந்தால் ஒரு வாய்ப்புக் கொடுத்திருப்பார்கள் என்று அப்போதைய முதல்வர் மெஹபூபா முஃப்தி பின்னர் சொன்னார். அவர் கட்சிக்கு த்ரால் பக்கம் ஓட்டு இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய பேச்சு.

கவிதா, திருச்சி: 21 வயதுப் பையன் சாவுக்கு ஒரு மாநிலமே ஏன் பற்றி எரிந்தது?

இதுதான் சரியான கேள்வி.

மறுநாள் த்ரால் ஈத்கா தொழுகைத் திடலில் கூட்டம் அடங்காமல் ஜனாஸா எனும் இறுதித் தொழுகையைத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். அண்ணன் காலிதின் கபருக்குப் பக்கத்திலேயே அடக்கம். காலித் 2015 ஏப்ரலில் த்ரால் காட்டில் கொல்லப்பட்டவர். தீவிரவாதிகளின் கையாள் என்றது ராணுவம். தம்பியைப் பார்க்கப் போனவனைப் பிடித்து அடித்தே கொன்றார்கள் என்றது குடும்பம். பிற்பாடு அரசே அந்தச் சாவுக்கு 4 லட்சம் இழப்பீடு தர முன்வந்தபோது பெரிய சர்ச்சை ஆனது.

அன்றே தெற்குக் காஷ்மீர் முழுக்கக் கல்வீச்சும் துப்பாக்கிச்சூடும். சங்கம் என்ற ஊரில் கூட்டம் ஒரு போலீஸ் வண்டியை ஜீலம் ஆற்றில் தள்ளிவிட்டது, உள்ளே இருந்த காவலர் இறந்தார். ஊரடங்கு 53 நாள். மொபைல் இன்டர்நெட் இல்லை, சில நாள் பத்திரிகை அச்சடிக்கவும் விடவில்லை. சில மாதங்களில் இறந்த பொதுமக்கள் 90-க்கும் மேல். சின்னக் குண்டுகளைச் சிதறவிடும் பெல்லட் துப்பாக்கி பட்டுக் கண் போனவர்களால் ஸ்ரீநகர் எஸ்எம்ஹெச்எஸ் மருத்துவமனையின் கண் வார்டு நிரம்பியது. ஜூலை 8-இலிருந்து 32 நாளில் சுமார் 13 லட்சம் பெல்லட் சுட்டோம் என்று மத்திய ரிசர்வ் போலீஸ் படையான சிஆர்பிஎஃப் தானே உயர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது.

இத்தனையும் புர்ஹானுக்காக என்று நான் நினைக்கவில்லை. 2010-இன் கோபம் ஆறாமலே கிடந்தது. மெஹபூபாவின் கட்சியான பிடிபி, பாஜகவோடு கூட்டணி வைத்தபோது, பாஜகவைத் தடுக்கத்தான் அதற்கு ஓட்டுப் போட்டோம் என்றிருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு முகம் கிடைத்தது, அவ்வளவுதான். சமூக ஊடகத்தில் சேர்த்ததைவிடக் கல்லறையிலிருந்து அதிகம் பேரைச் சேர்ப்பார் என்று, மெஹபூபா கட்சி ஆட்சிக்கு வரும் முன் முதல்வராக இருந்த ஒமர் அப்துல்லா அன்றே எழுதினார். அரசு சொன்ன கணக்கைப் பாருங்கள்: தீவிரவாதத்தில் சேர்ந்த உள்ளூர் இளைஞர்கள் 2015-இல் 66, 2016-இல் 88, 2017-இல் 126.

அரசு ஊழியர்: அவருக்குப் பின்னால் வந்தவர்கள்?

சப்சார் பட், 2017 மே மாதம் த்ரால் அருகே சாய்மூவில் கொல்லப்பட்டார். ஜாகிர் மூசா பொறியியல் படிப்பை விட்டு வந்தவர். ஹிஸ்புல்லை உதறிவிட்டு அல்-கொய்தா சார்பில் தனி அமைப்பு தொடங்கி, 2019 மே மாதம் செத்தார். கணக்கு வாத்தியாராக இருந்த ரியாஸ் நாய்கூ 2020 மே மாதம். நாய்கூ உடலைக் குடும்பத்திடம் கொடுக்கவில்லை, ஊரிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய் சோனமார்க்கில் புதைத்தார்கள். கொரோனாவைக் காரணம் காட்டினார்கள். த்ரால் ஈத்கா மாதிரி இன்னொரு கூட்டம் கூடக் கூடாது என்பதும் காரணம் என்பது என் ஊகம்.

ராணுவப் பிரியன்: நம்ம மேஜர் முகுந்த் வரதராஜன் சுட்டது இவரைத்தானே?

இல்லை தம்பி, வேறு ஆள். முகுந்த் 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியான் மாவட்டத்தில் நடந்த சண்டையில் உயிரிழந்தார். அங்கே எதிரில் இருந்தது அல்தாஃப் வானி, அவரும் ஹிஸ்புல். காஷ்மீரில் வானி என்பது நம்மூர் முருகன் மாதிரி, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். புர்ஹான் செத்தது அதற்கு 2 வருடம் கழித்து.

நெல்லைவாசி: அவருடைய அப்பா தேசியக் கொடி ஏற்றியதாகப் படம் வந்ததே, பொய்யா?

உண்மைதான். 2021 சுதந்திர தினத்தன்று த்ராலில் தான் வேலை பார்த்த பள்ளியில் ஏற்றினார். எல்லா அரசுப் பள்ளியிலும் கொடி ஏற்ற வேண்டும் என்று உத்தரவு இருந்தது, அவர் தலைமையாசிரியர். மனம் மாறிவிட்டார் என்று ஒரு தரப்பும், மிரட்டி ஏற்ற வைத்தார்கள் என்று இன்னொரு தரப்பும் எழுதின. அரசு வேலையில் இருக்கும் மனிதர் உத்தரவைச் செய்தார் என்பதற்கு மேல் அந்தப் படத்தில் படிக்க எனக்கு எதுவும் தெரியவில்லை.